பறைக்கும் பாதை வேணும்

எங்க பக்கத்துல ஒரு சாவு விழுந்தா முதல் போன் மேளக்காரங்களுக்குத்தான் போகும். சொந்தக்காரங்களுக்குச் சொல்றது அப்புறம். பறைச் சத்தம் கேட்டாத்தான் ஊருக்கே தெரியும், இன்னார் வீட்டுல இழவுன்னு. பாடை கிளம்பி, மூணு முக்கு தாண்டி, சுடுகாடு போற வரைக்கும் அந்த அடி நிக்காது. வெயிலோ மழையோ, அடிக்கிறவங்க முன்னாடி போவாங்க, நாம பின்னாடி போவோம். நம்ம அப்பன் பாட்டன் எல்லாரும் அந்தச் சத்தத்துக்குப் பின்னாடிதான் போய்ச் சேர்ந்தாங்க.

சரி, அந்த மேளம் அடிக்கிற மனுஷன் செத்தா? அவரு எந்த வழியா போவாரு?

இது சும்மா கேக்குற கேள்வி இல்லைங்க. 2019 ஆகஸ்ட் மாசம் வாணியம்பாடி பக்கத்துல நாராயணபுரத்துல நடந்ததை நெறைய பேரு மறந்திருப்பீங்க. அப்ப அது நம்ம வேலூர் மாவட்டம்தான், திருப்பத்தூர் தனி மாவட்டமா பிரியல. விபத்துல இறந்துபோன ஒரு தலித் மனுஷனோட உடம்பை எடுத்துக்கிட்டு போறாங்க. ஆத்தங்கரைக்குப் போற வழி, நிலத்துக்காரங்க வேலி போட்ட நிலத்துக்குள்ள இருக்கு. வழி இல்லைன்னுட்டாங்க. கடைசியில பாலாத்துப் பாலத்து மேல இருந்து பாடையை கயிறு கட்டி கீழே இறக்கினாங்க. கீழே நாலு பேரு கையை நீட்டி வாங்கினாங்க. அந்த வீடியோ வெளியே வந்த பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாவே முன்வந்து வழக்கா எடுத்துக்கிச்சு. அதிகாரிங்க ஓடி வந்து தனியா ஒரு சுடுகாட்டு இடம் ஒதுக்கினாங்க. அதுக்கும் நீதிமன்றம் ஒரு கேள்வி கேட்டுச்சு: தாழ்த்தப்பட்டவங்களுக்குன்னு தனி சுடுகாடு குடுத்தா, அரசாங்கமே சாதிப் பிரிவினையை வளர்க்குற மாதிரி ஆகாதான்னு.

இந்த விஷயத்தை நான் விவசாயிங்களுக்குன்னு எழுதுறேன். ஏன்னா அங்க வேலி போட்டது போலீஸ் இல்லை, கலெக்டர் இல்லை. நிலத்துக்காரன். நம்மள மாதிரி ஆளு.

போலீஸ் அநியாயம், சாதிக் கொடுமை, இதையெல்லாம் எதிர்த்து நிக்கிற பாட்டு, கூத்து, பறை, இதைப் பத்தி எல்லாம் டவுன்ல பெரிய பெரிய கூட்டம் நடக்குது. நல்லது. ஆனா கிராமத்துல இருந்து பாத்தா இந்தக் கதை நம்ம வரப்புல இருந்துதான் ஆரம்பிக்குது. அதைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல பறையைப் பத்தி. வேப்பங்கட்டையை வளைவா மூணு துண்டு செதுக்கி, இரும்புப் பட்டை வச்சு வட்டமா இணைப்பாங்க. கன்னுக்குட்டித் தோலை பதப்படுத்தி, புளியங்கொட்டைப் பசை தடவி இழுத்து ஒட்டுவாங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி வைக்கோலைக் கொளுத்தி சூடு காட்டணும். அப்பத்தான் தோல் இறுகி கணீர்னு பேசும். ஒரு கையில ஒல்லியான சுண்டுக்குச்சி, இன்னொரு கையில தடிச்ச அடிக்குச்சி. அவ்வளவுதான் சாமான்.

தோல்னு சொன்னாலே நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு வேற ஒண்ணு ஞாபகம் வரும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இந்த பெல்ட் முழுக்க தோல்தான் சோறு போடுது. அதே தோல்தான் பாலாத்தையும் கெடுத்துச்சு. 1996-லேயே உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்குல தீர்ப்பு சொல்லியாச்சு, கெடுத்தவன்தான் பணம் கட்டணும்னு. இந்தத் தோல் ஷூவாகி வெளிநாட்டுக்குப் போனா அதுக்குப் பேரு ஏற்றுமதி, அன்னியச் செலாவணி. அதே தோல் கட்டையில ஏறி பறையானா அதுக்குப் பேரு தீட்டு. தோல் ஒண்ணுதாங்க. யார் கையில இருக்குதுங்கறதை வச்சுத்தான் மரியாதை மாறுது.

இப்ப ஒரு சிக்கலான விஷயம். பறையை எல்லாரும் கொண்டாடணும்னு சொல்றவங்க இருக்காங்க. பறையே வேண்டாம், அது அடிமைத்தனத்தோட அடையாளம்னு தூக்கிப் போட்டவங்களும் இருக்காங்க. ரெண்டாவது ஆளுங்களைப் பாத்து, "சொந்தக் கலையையே மதிக்கத் தெரியலையே"ன்னு சிலர் பேசுறாங்க. அது ரொம்பத் தப்பு. பழைய தென்னாற்காடு மாவட்டத்துல எல். இளையபெருமாள் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம்னு இயக்கமே நடத்தினாரு. அவரு சாதாரண ஆளு இல்லை. காட்டுமன்னார்கோயில் பக்கத்துல பொறந்து, 1952-லேயே பார்லிமென்ட் போனவரு. தீண்டாமையைப் பத்தி மத்திய அரசு போட்ட கமிட்டிக்குத் தலைவரா இருந்து 1969-ல அறிக்கை குடுத்தவரு. அவரு ஏன் பறையை வேண்டாம்னாரு? இசை பிடிக்காமலா? இல்லைங்க. கூப்பிட்டா வந்தே ஆகணும், மாட்டேன்னா அடி, வந்தா படி நெல்லும் சாராயமும், பந்தியில உக்கார முடியாது. அந்தக் கட்டாயத்தைத்தான் அவரு ஒடைக்கப் பாத்தாரு. மாட்டேன்னு சொல்ல முடியாத ஒருத்தன் அடிக்கிற மேளம் கலை ஆகாது. அது வெட்டி வேலை.

அதனால பறை அடிக்க மாட்டேன்னு சொன்னவரும் சரி, பெருமையா எடுத்து அடிக்கிறவரும் சரி. ரெண்டு பேரும் சொல்றது ஒண்ணேதான்: "நான் எப்ப அடிக்கணும்னு நான் முடிவு பண்றேன்." மறுத்தவங்க இல்லைன்னா இன்னைக்கு மேடையில அடிக்கிறவங்களுக்கு இந்த மரியாதை வந்திருக்காது. திண்டுக்கல் பக்கத்துல சக்தி கலைக்குழுவுல பொண்ணுங்க பறையை இடுப்புல கட்டி ஆடுறாங்க. ஒரு காலத்துல பொண்ணுங்க தொடவே கூடாதுன்னாங்க. மணிமாறனும் மகிழினியும் நடத்துற புத்தர் கலைக்குழு ஊர் ஊரா பயிற்சி குடுக்குது. மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. பறையை வாசலுக்கு வெளியே நிறுத்தின நாட்டுல, அதே பறைக்கு டெல்லியில விருது. சந்தோஷம்தான். ஆனா விருது குடுத்தாச்சுன்னு ஊர்ல வழி திறந்துடல.

அடுத்தது போலீஸ். இதுல விவசாயிக்கு ஒரு பங்கு இருக்கு. யாரும் பேசுறதில்லை.

நம்ம கெணத்துல மோட்டார் கேபிள் திருடு போகுது. செம்புக்கம்பிக்காக அறுத்துக்கினு போறான். ஆயிரக்கணக்குல நஷ்டம், பயிர் வேற காயுது. வயிறு எரிஞ்சு ஸ்டேஷனுக்குப் போறோம். அங்க கேக்குற முதல் கேள்வி என்ன? "யார் மேல சந்தேகம்?" நமக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொன்னா புகார் நகராதோன்னு பயம். பக்கத்துல நிக்கிற ஒருத்தர் எடுத்துக் குடுப்பாரு: "அந்த ஏரிக்கரைப் பக்கம் இருளருங்க குடிசை போட்டுகினு இருக்காங்களே..." அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில இருந்து ராத்திரி ஒரு குடிசைக் கதவு தட்டப்படுது. கேபிளை அறுத்தவன் இரும்புக் கடையில காசை வாங்கிட்டு வேற எங்கேயோ நிம்மதியா தூங்குறான்.

இந்தப் பழக்கம் இன்னைக்கு நேத்து வந்தது இல்லை. 1871-ல வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம்னு ஒண்ணு போட்டான். பொறந்த சாதியே குற்றம்னு எழுதி வச்ச சட்டம். பிற்பாடு சென்னை மாகாணத்துக்கும் அது வந்துச்சு. கைரேகை எடுத்து, ராத்திரி ஆனா ஸ்டேஷன்ல ஆஜராகணும். சுதந்திரம் வந்து 1952-லதான் அதை எடுத்தாங்க. சட்டம் போச்சு, சந்தேகம் போகல. 1993-ல விருத்தாசலம் பக்கம் கம்மாபுரம் ஸ்டேஷன்ல நடந்தது என்ன? நகை திருட்டுன்னு சொல்லி குறவர் இனத்து ஆளை கூட்டிக்கினு போனாங்க, உசுரோட திரும்பல. அந்த அம்மா கோர்ட்டு படியேறி போராடினது, வக்கீலா இருந்த சந்துரு வாதாடினது, எல்லாம் 2021-ல "ஜெய் பீம்" படமா வந்த பிறகுதான் நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கே தெரிஞ்சுது. படத்துல இருளர்னு காட்டினாங்க. நெசத்துல குறவர். எந்தப் பேரைப் போட்டாலும் கதை பொருந்துது பாருங்க, அதுதான் கொடுமை.

2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டுல செம்மரம் வெட்ட வந்தாங்கன்னு ஆந்திர போலீஸ் 20 பேரை சுட்டுக் கொன்னுச்சு. எல்லாரும் தமிழ்நாட்டு ஆளுங்க. ஜவ்வாது மலை, கண்ணமங்கலம் பக்கத்துக் கூலிக்காரங்க அதுல பாதிக்கு மேல. நம்ம ஊர்ல இருந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரத் தூரம். மரத்தைக் கடத்துற முதலாளி ஒருத்தன் கூட அந்த இருபதுல இல்லை. மழை பொய்ச்சுப் போன வருஷத்துல கூலிக்குப் போனவன்தான் செத்தான்.

இப்ப நீங்க கேக்கலாம், துப்பாக்கிக்கும் லத்திக்கும் முன்னாடி பாட்டு என்ன பண்ணும்? நியாயமான கேள்வி. பாட்டு லத்தியைத் தடுக்காது. அதுல எனக்கு மயக்கம் இல்லை. ஆனா பாட்டுக்கு ஒண்ணும் பலம் இல்லைன்னா, ஆளுறவன் ஏன் அதைக் கண்டு பயப்படுறான்?

2015 அக்டோபர் 30 விடியறதுக்கு முன்னாடி திருச்சியில மக்கள் கலை இலக்கியக் கழகத்துப் பாடகர் கோவனை வீட்டுல இருந்து அள்ளிக்கினு போனாங்க. என்ன பண்ணாரு? டாஸ்மாக்கை மூடச் சொல்லி பாட்டு பாடினாரு. அதுக்கு 124-ஏ, தேசத்துரோகம். சாராயக் கடையை மூடச் சொன்னா தேசத்துக்குத் துரோகமாம். நடந்தது என்ன? அதுவரைக்கும் ஆயிரம் பேரு கேட்ட பாட்டை லட்சம் பேரு கேட்டாங்க. அந்த 124-ஏ சட்டத்தையே 2022 மே மாசம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வச்சுது.

வெளிநாட்டுக் கதையும் இதேதான். அமெரிக்காவுல தெற்கு கரோலினாவுல 1739-ல கறுப்பு அடிமைங்க மேளம் அடிச்சுக்கிட்டே கிளம்பி கலகம் பண்ணாங்க. அடுத்த வருஷமே சட்டம் போட்டு அவங்க மேளம் வச்சிருக்கறதையே தடுத்தாங்க. டிரினிடாட் தீவுல 1880-கள்ல வெள்ளைக்கார அரசாங்கம் மேளத்துக்குத் தடை போட்டுச்சு. அந்த ஜனங்க மூங்கிலை வெட்டித் தரையில குத்தி தாளம் போட்டாங்க. பின்னாடி எண்ணெய் பீப்பாயைத் தட்டித் தட்டி புது வாத்தியமே உண்டாக்கிட்டாங்க. அதுதான் இன்னைக்கு அந்த நாட்டோட பெருமை. தோலைப் புடுங்கினா மூங்கில், மூங்கிலைப் புடுங்கினா தகரம். சாதியும் நிறவெறியும் ஒண்ணான்னு 2001-ல தென்னாப்பிரிக்கா டர்பன் மாநாட்டுல பெரிய விவாதமே நடந்துச்சு. நம்ம அரசாங்கம் இல்லைன்னுச்சு. எனக்கு அந்த அளவுக்குப் படிப்பு இல்லை. ஆனா மேளத்தைக் கண்டு பயப்படுறதுல ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதான்.

ஏன் பயம்? மேளம் கூட்டம் சேக்குது. தனியா இருந்தா பயப்படுறவன், பத்துப் பேரோட ஒரே தாளத்துல நின்னா பயப்பட மாட்டான். போலீஸ் அநியாயம் எப்பவும் தனி ஆளைத்தான் புடிக்கும். ராத்திரியில, சாட்சி இல்லாம. ஊரே முழிச்சுக்கிட்டு இருக்குற இடத்துல அது நடக்கறது கஷ்டம். பாட்டும் கூத்தும் ஊரை முழிக்க வைக்குற வேலை.

இன்னொரு வேலையும் இருக்கு, மறக்காம இருக்க வைக்கிறது. தர்மபுரி வாச்சாத்தியில 1992 ஜூன் 20 அன்னைக்கு சந்தனமரம் தேடுறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை எல்லாம் சேர்ந்து ஊரையே சூறையாடினாங்க. 18 பொண்ணுங்களை நாசம் பண்ணாங்க. 269 பேரு மேல வழக்கு. 2011-ல உசுரோட இருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023 செப்டம்பர்ல உயர் நீதிமன்றம் அதை உறுதி பண்ணுச்சு. முப்பத்தோரு வருஷம்! அந்த மலை ஜனங்க ஒருத்தர் கையை ஒருத்தர் விடாம நின்னதாலதான் அது முடிஞ்சுது. சாட்சி சொல்ல வேண்டிய ஒவ்வொருத்தரும் சலிச்சுப் போயிருந்தா வழக்கு செத்திருக்கும். முப்பது வருஷம் ஒரு ஊரு ஒண்ணா நிக்கணும்னா சட்டப் புத்தகம் மட்டும் போதாது. ஒண்ணா அழணும், ஒண்ணா பாடணும், ஒண்ணா சாப்பிடணும்.

நம்ம ஆம்பூரையும் சொல்லணும். 2015 ஜூன் கடைசியில, விசாரணைக்குக் கூட்டிப்போன ஒரு இளைஞர் இறந்துபோனாரு. அடிச்சதாலதான்னு குடும்பத்துல சொன்னாங்க. ஊர் கொதிச்சுப் போச்சு. பஸ்ஸு எரிஞ்சுது, போலீஸ்காரங்க பல பேருக்கு மண்டை உடைஞ்சுது, நூறு பேருக்கு மேல கைது. கோபம் நியாயம்னு நான் இன்னைக்கும் சொல்லுவேன். ஆனா முதல் கல்லு பறந்த நிமிஷத்துல பேச்சே மாறிடுச்சு. "அந்தப் பையன் எப்படி செத்தான்"ங்கற கேள்வி போய், "பஸ்ஸை எரிச்சது யாரு"ங்கற கேள்வி வந்துடுச்சு. இதுல லாபம் யாருக்கு? கோபத்துக்கு ஒரு தாளம் வேணும். தாளத்துல நடக்குற கூட்டத்துக்கு எங்க நிக்கணும்னு தெரியும்.

நம்ம பக்கத்துப் பிள்ளைங்க அதைச் செஞ்சுகிட்டுதான் இருக்காங்க. 2018 ஜனவரியில இயக்குநர் பா. இரஞ்சித்தோட நீலம் அமைப்பும் தென்மாவும் சேர்ந்து கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்னு ஒரு இசைக்குழு ஆரம்பிச்சாங்க. அயோத்திதாசர் சொன்ன சாதியற்ற தமிழர்ங்கறதுதான் அந்தப் பேருக்கு மூலம். சாவு வீட்டுல பாடுற கானாவை மேடைக்குக் கொண்டு வந்து இடஒதுக்கீட்டைப் பாடினாங்க, மாட்டுக்கறியைப் பாடினாங்க. அதுல இருந்து வந்த அறிவு யாருங்க? நம்ம அரக்கோணத்துப் பையன். 2021-ல வந்த "எஞ்சாயி எஞ்சாமி" பாட்டுக்கு ஆடாத கல்யாண வீடு உண்டா? அது அவன் பாட்டியோட கதை. தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியா போய், மலையைத் தோட்டமாக்கிட்டு, ஒரு காணி நிலம் இல்லாம திரும்பின ஜனங்களோட கதை. அந்த வருஷமே ஒரு பெரிய இசைப் பத்திரிகை அட்டைப்படம் போட்டப்ப அவன் மூஞ்சியை மட்டும் விட்டுட்டாங்க. பலர் கேள்வி கேட்ட பிறகுதான் அவனுக்கும் ஒரு அட்டை போட்டாங்க. சத்தம் வேணும், ஆளு வேண்டாம். நாராயணபுரத்துல நடந்ததும் அதுதானே?

2017 ஜனவரியில ஜல்லிக்கட்டுக்காக மெரினாவுல உக்காந்தப்ப அங்க ராப்பகலா கேட்டது பறைதான். நம்ம வேலூர் பக்கம் எருது விடுற ஊர்ல எல்லாம் அன்னைக்கு பறை ஊர் நடுவுல அடிச்சுது. ஒருத்தரும் தீட்டுன்னு சொல்லல. 23-ஆம் தேதி லத்தி விழுந்தப்ப, ஓடி வந்த மாணவருங்களை உள்ளே விட்டுக் காப்பாத்தினது நடுக்குப்பத்து மீனவ ஜனங்க. அதுக்கு அவங்க குடுத்த விலை, எரிஞ்சுபோன மீன் மார்க்கெட். நம்ம மாட்டுக்கு ஒரு கஷ்டம்னா பறையும் குப்பமும் நமக்கு வேணும். அவங்க மனுஷனுக்கு ஒரு கஷ்டம்னா நாம எங்க இருக்கோம்?

போலீஸே வேண்டாம்னு நான் சொல்லல. கேபிள் போனா நானும் அங்கதான் போகணும். நல்ல அதிகாரிங்களும் இருக்காங்க. ஆனா நம்ம கையில இருக்குறதை நாம சரியா செய்யணும். எனக்குத் தோணுறது நாலு விஷயம்.

ஒண்ணு, வழி. சுடுகாட்டுப் பாதை உங்க நிலத்து ஓரமா போச்சுன்னா, பத்து அடியை விட்டு வேலி போடுங்க. பட்டாவுல இருக்கா இல்லையான்னு தாசில்தார் அளக்குற வரைக்கும் பொணம் காத்திருக்காது. சுடுகாட்டுக்குப் போறதைத் தடுக்கறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல குற்றம். சட்டத்துக்குப் பயந்து விடறதை விட மனுஷனா விடறது அழகு.

ரெண்டு, வாய். ஸ்டேஷன்ல யார் மேல சந்தேகம்னு கேட்டா, கண்ணால பாக்கலைன்னா, "தெரியாது"ன்னு எழுதிக் குடுங்க. புகார் வாங்கறதுக்கு ஒரு சாதிப் பேரு தேவையில்லை.

மூணு, மரியாதை. மேளக்காரங்களுக்கு சாராயம் வாங்கிக் குடுத்து அனுப்பாதீங்க. பேசின கூலியை காசா குடுங்க, பந்தியில உக்கார வச்சு சோறு போடுங்க. சாவுக்கு மட்டும் கூப்பிடாம பொங்கலுக்கும், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் கூப்பிடுங்க. வரமாட்டேன்னு சொன்னா, சரிங்கன்னு சொல்லுங்க. உங்க பிள்ளைக்கு ஆசை இருந்தா அவங்ககிட்ட அனுப்பி கத்துக்கச் சொல்லுங்க. குருவா ஏத்துக்கிட்டவரை நாளைக்கு வரப்புல நிறுத்த முடியாது.

நாலு, கூட்டு. யாரையாவது விசாரணைக்குன்னு கூட்டிக்கினு போனா, காலனி ஆளுங்க மட்டும் போய் நிக்கக் கூடாது. ஊர் ஆளுங்களும் நாலு பேரு போங்க. கைது பண்ணா குடும்பத்துக்குத் தகவல் சொல்லணும், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். இது சட்டம். 15100-க்கு போன் பண்ணா இலவச சட்ட உதவி கிடைக்கும். நிலம் வச்சிருக்குற நாலு பேரு வாசல்ல நிக்கிறாங்கன்னு தெரிஞ்சா உள்ளே கை ஓங்குறவனும் ஒரு தடவை யோசிப்பான்.

சத்துவாச்சாரி இப்ப ஊரா இல்லை. 2011-ல மாநகராட்சியோட சேர்த்தாச்சு. வயலா இருந்த இடம் எல்லாம் ஃபேஸ் ஒண்ணு, ஃபேஸ் ரெண்டுன்னு வீடாயிடுச்சு. கலெக்டர் ஆபீஸ் நம்ம மண்ணுலதான் இருக்கு. திங்கக்கிழமை ஆனா மனு குடுக்க வர்ற கூட்டத்துல சுடுகாட்டுக்கு வழி கேட்டு வர்றவங்களையும் பாக்கலாம். எத்தனையோ வருஷமா அதே மனு. அந்த மனுவுல பாதிக்கு கலெக்டர் கையெழுத்து தேவையில்லை, பக்கத்து நிலத்துக்காரன் சரின்னு சொன்னாப் போதும்.

மாசி மாசம் மயானக் கொள்ளைக்கு பம்பையும் பறையும் முழங்க பாலாத்தங்கரைக்கு ஊரே போகுது. அன்னைக்கு யாரும் யாருக்கும் வழி மறிக்கிறதில்லை. சாமி போற வழியை மனுஷன் போறதுக்கும் விட்டா என்ன குறைஞ்சு போயிடும்? உங்க ஊர்ல அந்தப் பாதை எங்க மறிச்சிருக்குன்னு உங்களுக்கே தெரியும். அடுத்த சாவு விழறதுக்கு முன்னாடி போய்ப் பேசுங்க.